விளக்கேற்றியவரின் மூடி

1. பானையோடு வந்தவர்

செல்வராணி எங்கள் அலுவலகத்துக்கு வந்த காலையில் அவர் கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ் இருந்தது. இடுப்பில் ஓர் இடியப்பப் பானை இருந்தது. பானையைக் கொண்டுவந்து நேரே என் வரைபலகையின் மேல் வைத்தார். பலகையில் பாதி முடிந்த படம் ஒன்று கிடந்தது. பானையின் அடி ஈரம். நான் படத்தை உருவி எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சேர், இத வச்சு நான் அவிக்கக்கூடாதாம். என் பானையில நானே அவிக்கக்கூடாதாம். உடைச்சுப் போடணுமாம். இது என்னா நியாயம்?"

இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்புக் கோட்டையில், கண்டுபிடிப்புகளுக்குப் பேட்டன்ட் எடுத்துக்கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நான் படம் வரைபவனாக இருந்தேன். பொருளின் ஒவ்வொரு பாகத்தையும் வரைந்து அதற்கு ஓர் இலக்கம் போட வேண்டும். எழுத்தில் சொல்லப்பட்ட இலக்கம் எல்லாம் படத்தில் உண்டா, படத்தில் உள்ளதெல்லாம் எழுத்தில் உண்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் இருக்கும் இந்நாளிலும் கை சும்மா இருந்தால் ஜன்னல் கம்பிகளை எண்ணுகிறேன்.

செல்வராணி ஜிந்துப்பிட்டியில் இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஒரே பானையில் ஏழு தட்டுகள். அடுக்கி அவிக்கும் எல்லாருக்கும் உள்ள தொல்லை அவருக்கும் இருந்தது: ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி மேல்தட்டில் சொட்டும், மேல்தட்டு இடியப்பம் கூழாகிவிடும். ஒரு மழைநாளில் தன் வீட்டுத் தகரக் கூரையின் தண்ணீர் பீலி வழியே ஓடுவதைப் பார்த்திருக்கிறார். கூரைக்குப் பீலி இருக்கும்போது மூடிக்கு ஏன் இருக்கக்கூடாது? பிஸ்கட் தகரத்தை வெட்டி, சரிவான மூடியின் உள்ளே சுற்றிவரப் பீலி வைத்து, அதிலிருந்து ஒரு சிறு குழாயைப் பானையின் அடிக்கு இறக்கிவிட்டார். மூடியில் படும் தண்ணீர் பீலிக்கு வந்து, குழாய் வழியே அடிக்குப் போய்விடும். மேல்தட்டு நனையவில்லை.

நுகேகொடைப் பக்கத்து அலுமினியப் பாத்திரக் கம்பெனி ஒன்றின் ஆள், பெரிய ஓடர் தருவதாகச் சொல்லி அவருடைய குசினிக்குள் அடுப்புவரை போய் மூடியைத் தூக்கிப் பார்த்தாராம். அடுத்த வருடம் அந்த மூடிக்குப் பேட்டன்ட் கம்பெனியின் பெயரில் இருந்தது. பிறகு நோட்டீஸ் வந்தது.

எங்கள் முதலாளி நடராஜா சேர் நோட்டீஸை இரண்டு தரம் வாசித்தார்.

"நீங்கள்தான் முதல் செய்தனீங்கள் எண்டதுக்கு ஆர் சாட்சி, பிள்ளை?"

"ஜிந்துப்பிட்டியே சாட்சி சேர். ஒவ்வொரு வயித்தயும் கேளுங்க."

"இடியப்பம் திண்டவன் மூடிக்குள்ள எட்டிப் பாத்தவனே? நீங்கள்தான் தங்கட மூடியைப் பாத்துச் செய்தனீங்கள் எண்டு அவங்கள் எழுதியிருக்கிறாங்கள்."

செல்வராணி பானையின் மூடியைக் கழற்றி, தலைகீழாக மடியில் வைத்துக்கொண்டார்.

2. கண்ணாடி அலுமாரி

"கணேசண்ணை, பழைய அலுமாரியை ஒருக்காத் திறந்து பாருங்கோ," என்றார் நடராஜா சேர் என்னிடம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி உண்டு. நூறு வருடத்துக்கு முந்திய பேட்டன்டுகளின் அச்சுப் பிரதிகள் அதில் இருந்தன. செல்லரிக்கும், பூஞ்சணம் பிடிக்கும் என்று நான் ஓயாமல் முறையிட்டு, ஒவ்வொரு தட்டிலும் பூச்சியுருண்டை வைப்பித்திருந்தேன். பேட்டன்ட் ஒன்றின் காலம் முடிந்தால் அந்தப் பொருள் எல்லாருக்கும் பொது. அதே பொருளுக்குப் பிறகு யார் பேட்டன்ட் எடுத்தாலும் அது நில்லாது. ஆகவே, பழையதைத் தேடுவது எங்களிடம் வழக்கம்.

அதற்கு முன் அந்த அலுமாரியை நான் தேவைக்கு மட்டும் திறந்தவன். அன்றுதான் ஒவ்வொரு தாளாக வாசித்தேன். விண்ணப்பதாரரின் பெயருக்குக் கீழே தொழில் என்று ஒரு வரி இருக்கும். பொறியியலாளர்களும் தோட்டத் துரைமாரும் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே மற்றவர்களும் இருந்தார்கள். ரிக்‌ஷா இழுக்கும் ஒருவர், பயணி நனையாமல் ஒரே கையால் இறக்கக்கூடிய மழைத்திரைக்கு எடுத்திருந்தார். மருத்துவச்சி ஒருவர், படுத்தபடி குடிக்கச் சிந்தாத கஞ்சிக் கோப்பைக்கு எடுத்திருந்தார். ஒரு நாவிதர், தையல்காரர் இருவர், ரயிலுக்குக் கரி அள்ளிப் போடும் ஒருவர். எண்ணினேன்: முப்பத்தொரு பேர். பகலெல்லாம் வேலை செய்து, அந்த வேலையில் தன்னை உறுத்திய ஒன்றைச் சரிசெய்து, அதை யாரையோ கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவித்து, வெள்ளைக்கார அரசாங்கக் கச்சேரியின் படியேறியவர்கள். இத்தனை வருடம் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று எனக்கு உடம்பு கூசியது.

முப்பத்திரண்டாவது ஆளின் தாளில் இருந்தது அந்த மூடி.

பெயர், சவரிமுத்து. தொழில், தெருவிளக்கு ஏற்றுபவர். இடம், கொட்டாஞ்சேனை. பொருள், அடுக்குத் தட்டில் அவிக்கும் பாத்திரத்துக்கான மூடி. சரிவான மூடி, உள்ளே சுற்றுப் பீலி, அடிக்கு இறங்கும் குழாய். தெருவிளக்கின் தகரக் கூட்டுக்குள் வேர்க்கும் தண்ணீர் சுடரில் விழாதிருக்க உள்விளிம்பில் ஒரு பீலி உண்டென்றும், நாள்தோறும் அதைத் துடைக்கும்போது இந்த எண்ணம் வந்ததென்றும் எழுதியிருந்தார். தனக்கு உரிமை கேட்டது ஒரே ஒரு வாக்கியத்தில். நுகேகொடைக் கம்பெனி பதினான்கு வாக்கியங்களில் கேட்டிருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஜிந்துப்பிட்டிக்கு நடந்தே போகலாம். நடக்கும் தூரத்துக்குள், நூறு வருட இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர். ஒருவர் விளக்கைப் பார்த்தார், மற்றவர் கூரையைப் பார்த்தார். கையிலிருந்த தாள் கிழிந்துவிடப் போகிறதே என்ற பயத்தில் அதை மேசையில் வைத்தேன்.

செல்வராணிக்கு நான் அதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது அவர் முகம் சுருங்கியது.

"அப்ப இது என்னோடது இல்லயா சேர்?"

"உங்கடயும் இல்லை, அவங்கடயும் இல்லை," என்றார் நடராஜா சேர். "எல்லாருக்கும் பொது. இதைக் காட்டினால் கம்பெனி விழுந்திடும். ஆனா நீங்களும் உங்கட பேரில ஒண்டும் எடுக்கேலாது."

"நான் யாரோடதயும் பாத்து செய்யல."

"தெரியும் பிள்ளை."

"எனக்கு முன்னாடி யாரும் செய்யலன்னுதான் இவ்வளவு நாளும் நெனச்சிக்கிட்டு இருந்தேன்." மூடியைப் பானையில் வைத்து அழுத்தினார். "சரி சேர். பேரு போனா போகட்டும். அடுப்பு அணையக்கூடாது."

3. எட்டு

கம்பெனி வக்கீலின் பதில் சுருக்கமாக இருந்தது. விளக்கேற்றும் ஒருவர் எழுதிய அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரும் ஒரு மூடியைச் செய்ய முடியாது. செய்ய முடியாத எழுத்து கண்டுபிடிப்பாகாது.

சட்டத்தில் இது பெரிய கேள்வி. அந்தத் தொழில் தெரிந்த சாதாரண ஆள் ஒருவன், வேறு யாரிடமும் கேட்காமல், தாளை மட்டும் பார்த்துச் செய்து முடிக்க வேண்டும். செய்ய முடியாவிட்டால் தாள் செல்லாது. செல்வராணியின் பானையும் போய்விடும்.

"அப்ப செய்து காட்டுவம்," என்றார் நடராஜா சேர். "செல்வராணியின்ர மூடியையும் கம்பெனிக்காரன்ர மூடியையும் பார்க்காத தகரவேலைக்காரன் ஒருவன் வேணும்."

கொட்டாஞ்சேனையில் ஹனீபா நானாவைப் பிடித்தோம். நானா என்றால் முஸ்லிம்களிடம் அண்ணன். ஊரே அவரை அப்படித்தான் அழைத்தது. நான் படத்தைக் கொடுத்து, எழுத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று நடராஜா சேரின் கட்டளை. வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது எனக்குப் பெரும் வாதை.

மூடி தயாரென்று சொன்ன அன்று போனேன். வெட்டியதும் ஒட்டியதும் கண்ணாடி போல இருந்தன. அடுப்பில் பானையை வைத்து, மேல்தட்டில் மையொற்றுத்தாள் ஒன்றைப் பரப்பி மூடினோம். தண்ணீர் நன்றாகக் கொதித்தபின் திறந்தால், தாளின் விளிம்பு முழுவதும் நனைந்து கிடந்தது.

"பாத்தீங்களா," என்றார் நானா. "நான் அன்டைக்கே சொல்லல்லியா? வெளக்கேத்துற மனிசனுக்குத் தகரத்தப் பத்தி எனத்த தெரியும்?"

கம்பெனி வக்கீல் எழுதியதும் அதேதான். மறுநாள், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், கம்பெனி வக்கீலின் முன் மூடியைக் காட்ட வேண்டிய கூட்டம். என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாகங்களை எண்ணினேன். படத்தில் ஒன்பது இலக்கங்கள். மூடியையும் பானையையும் சேர்த்துத் தடவித் தடவி எண்ணினேன். எட்டு.

"நானா, ஏழாம் இலக்கம் எங்கே?"

"எதெ? அந்த விளிம்பு மடிப்பா? அது படத்துல உள்ளுக்கு மடிச்சீக்கி. பிழையா வரஞ்சீக்கார். நான் வெளிய மடிச்சேன்."

"ஏன்?"

"தகரத்த ஆரும் உள்ளுக்கு மடிப்பாங்களா? அழுக்குத் தங்கும். கழுவப்போனா கைய வெட்டும். என்ட வாப்பாவும் வெளியதான் மடிச்ச, நானும் வெளியதான் மடிக்கிற."

அதுதான் பிழை. அந்த உள்மடிப்பேதான் பீலி. குழாய் இருந்தது, குழாய்க்குத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும் மடிப்பு இல்லை. விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. தாளில் உள்ளதை மீண்டும் வாசிக்கலாம். வாசித்தேன்.

"ஏழாவது, விளிம்பின் உள்மடிப்பு. கூர் தெரியாதபடி விளிம்பு இரட்டையாக மடிக்கப்பட வேண்டும். சமைக்கும் பெண்ணின் சுண்டுவிரல் தடையின்றி ஓடும் அகலம் இருக்க வேண்டும். அதைத் துடைக்க வேண்டியவள் அவள் ஆகையால்."

நானா தாளைத் தன் பக்கம் திருப்பினார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் கொஞ்சநேரம் அதையே பார்த்தார்.

"மவுத்தாப் போய் நூறு வருஷமான மனிசன் எனக்குப் பாடம் படிச்சுத் தாரார்," என்று முணுமுணுத்துக்கொண்டு கத்தரியை எடுத்தார்.

அன்று பொழுது சாயும்முன் இரண்டாவது மூடியை ஏற்றினோம். கொதி வந்ததும் உள்ளே குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. திறந்தோம். மையொற்றுத்தாளில் ஒரு புள்ளி ஈரம் இல்லை. நானா மூடி ஆறும்வரை பொறுத்திருந்து, பீலிக்குள் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்று ஓட்டினார். எங்கும் தடுக்கவில்லை.

"கணேசண்ணே, இந்த மனிசன் ஊட்டுல பொண்டாட்டிக்குப் பாத்திரம் கழுவிக் குடுத்தீக்கார்," என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் விரலை அவர் பீலியிலிருந்து எடுக்கவில்லை.

4. புதுக்கடை

புதுக்கடையில், கம்பெனி வக்கீலின் அலுவலகத்துப் பின்னறையில் காஸ் அடுப்பை வைத்தார்கள். சுற்றிவர வழக்குக் கோப்புகள். பற்றிக்கொள்ளுமோ என்று நான் அடுப்புக்கும் அலுமாரிக்கும் நடுவே நின்றேன். செல்வராணி மாவு பிழிந்து ஏழு தட்டுகளையும் அடுக்கினார். சவரிமுத்துவின் மூடி என்று சொல்லி, நானா செய்ததைக் கொடுத்தோம். செல்வராணி அதை முதன்முதலாக அன்றுதான் பார்த்தார்.

வெந்ததும், நடராஜா சேர் மேல்தட்டை எடுத்துக் கம்பெனியின் பொறியியலாளர் முன் வைத்தார். அவர் ஒரு சிங்கள இளைஞர். இடியப்பத்தைத் தொட்டார், பிய்த்தார், வாயில் போட்டார். ஓர் இழைகூடக் கூழாகவில்லை. தேநீர் கொண்டுவந்த பியூன் எட்டிப் பார்த்து, "தொட்டுக்கொள்ளச் சம்பல் ஒண்டும் இல்லையா?" என்றான். வக்கீல் அவனை முறைத்தார்.

இளைஞர் தாளை வாங்கிப் படத்தோடு மூடியை ஒப்பிட்டார். ஏழாம் பாகத்தின் வாசகத்தைச் சிங்களத்தில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பிறகு செல்வராணியிடம், "அக்கே, எங்கட பதினாலு வாக்கியத்துல கழுவுறதப் பத்தி ஒண்டும் இல்ல," என்றார். வக்கீல் தொண்டையைச் செருமினார். நோட்டீஸ் திரும்பப் பெறப்படும், பேட்டன்டையும் கம்பெனி விட்டுக்கொடுக்கும் என்று அன்றே ஒப்புக்கொண்டார்கள். போகும்போது இளைஞர் அந்தப் படத்துக்கு ஒரு பிரதி கேட்டார்.

"தாராளமா எடுங்கோ தம்பி," என்றார் நடராஜா சேர். "அவர் எல்லாருக்கும் எண்டுதான் வச்சிட்டுப் போனவர்."

செல்வராணி இதொன்றையும் கவனித்ததாகத் தெரியவில்லை. மூடியைத் தலைகீழாகப் பிடித்துப் பீலிக்குள் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என் மூடியில தென்னை ஈர்க்குக் குச்சியால குத்திக் குத்தித்தான் சேர் அழுக்கெடுப்பேன். ஒவ்வொரு நாளும் தகரம் கையில கீறும். அத ஒரு குறையா நான் நெனக்கவே இல்ல. அவரு நெனச்சிருக்காரு."

5. எண்ணிப் பார்ப்பது

அந்தப் பானை இப்போது பல வீடுகளில் இருக்கிறது. கம்பெனியும் செய்கிறது, ஹனீபா நானாவும் செய்கிறார். நானா செய்யும் மூடிகளின் உள்விளிம்பில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய ஒரு பெயர் இருக்கும்: சவரிமுத்து. அப்படிக் குத்தச் சொன்னவர் செல்வராணி. "ஒங்க பேரையும் குத்தட்டா?" என்று நானா கேட்டாராம். "வேணாம், எடம் பத்தாது," என்றாராம்.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்களை நம்பாத ஒருவன் கையில், நீங்கள் போய்ச் சேர்ந்து நூறு வருடத்துக்குப் பின், உங்கள் தாள் போகும். அவன் தன் வாப்பா செய்தபடிதான் செய்வான். அவனைத் திருத்த நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். இலக்கத்தை விடாதீர்கள். ஏன் அப்படி என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

போன மாதம் ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போனபோது செல்வராணியின் குசினிக்கும் போனேன். ஏழு தட்டுகளையும் எண்ணினேன். மூடி வெளியே ஆறிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி, அந்தப் பெயரைத் தடவிக் கண்டுபிடித்து, பீலிக்குள் சுண்டுவிரலை விட்டேன்.

"சுடும் சேர், பாத்து," என்றார் செல்வராணி.

சுட்டது. விரல் ஒரு சுற்று முழுதும் ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.