டோரீன் படகைத் திருப்பினாள்

என் தங்கை டோரீன் இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட் ஊரில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவள். ஒரு தடவைகூட எங்கும் இடித்ததில்லை. இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். ஓய்வு பெற்றதும் ஒரு கால்வாய்ப் படகு வாங்கினாள். அகலம் ஏழடி, நீளம் ஐம்பத்தேழடி. நானே நாடா பிடித்து மூன்று முறை அளந்தேன்.

"இன்னைக்கு நானே இதைத் திருப்பிட்டா, கோடை முழுக்கத் தனியாப் போவேன். நீ சுக்கானைத் தொடக் கூடாது, அண்ணா" என்றாள் கிளம்பும்போதே.

காலையில், கதவடைத்து நீரை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகும் இரண்டு மதகுகளைக் கடந்தோம். நான் இறங்கிக் கதவுகளைத் தள்ளினேன், அவள் ஓட்டினாள். மதியம் திருப்புமிடம் வந்தது. கால்வாயின் அகலம் படகின் நீளத்தைவிடக் குறைவு என்பதால், அங்கே மட்டும் ஒரு கரையை முக்கோணமாக வெட்டியிருக்கும். படகின் மூக்கை அதற்குள் செருகிவிட்டுப் பின்பக்கத்தைச் சுழற்ற வேண்டும். எதிர்க்கரையில் பப். வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் பியரோடு வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள்.

மூக்கு நுழைந்தது. பின்பக்கம் பாதி சுழன்று, பப் இருந்த கரையில் தட்டி நின்றது. படகு கால்வாய்க்குக் குறுக்கே தாழ்ப்பாள் போட்டதுபோல் கிடந்தது.

"ஏம்மா, பாலம் கட்டியாச்சா? நான் அந்தப் பக்கம் போகணும்" என்றார் ஒரு தொப்பிக்காரர்.

"டிக்கெட் எடுத்துட்டு ஏறுங்க" என்றாள் டோரீன்.

என் கை சுக்கான் பக்கம் போனது.

"கையை எடு, அண்ணா. எத்தனை அடின்னு சொன்னே?"

"ஐம்பத்தேழு. இரும்புலேர்ந்து இரும்பு வரைக்கும்."

"மூக்குல தொங்குற கயித்து மூட்டையை யாரு அளப்பா?"

மோதினால் அடிபடாமலிருக்கக் கட்டிய அந்த மூட்டை முக்கால் முழம் இருக்கும்.

"போய்த் தூக்கிப் பிடி."

முன்னால் போய்ச் சங்கிலியை இழுத்து மூட்டையைத் தூக்கினேன். மூக்கு இன்னும் ஒரு சாண் உள்ளே போனது. அவள் எஞ்சினை லேசாக முடுக்கினாள்; மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. பின்பக்கம் கரையை உரசாமல் சுழன்று வந்தது. பப்பில் கை தட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன், கையில் மூட்டை இருந்தது.

அடுத்த பாலத்தடியில் படகை ஒதுக்கினாள்.

"இறங்கிக்கோ."

"திரும்பிப் போற வழியில மதகு ரெண்டு இருக்கேடி?"

"கயிறு இருக்கு, கை இருக்கு. நீ பஸ்ல போ. நல்ல டிரைவருங்க."

நான் கரைப்பாதையில் நடந்தேன். கட்டிக்கிடந்த படகுகளைத் தாண்டும்போது, உள்ளே யாருடைய தேநீரும் தளும்பாதபடி டோரீன் வேகத்தைக் குறைத்தாள். அதனால் இரண்டு முறை அவளை முந்திவிட்டேன்.

"பஸ்ல போன்னுதானே சொன்னேன்!" என்று கத்தினாள்.

சரி என்று வேலியோரம் உட்கார்ந்து, அவள் வளைவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.