நானே போட்ட சோலார் ரூல்

புத்தூரில் எங்கள் மாடி போர்ஷனில் கிரேஸ் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவர்கள் தலைக்கு மேல்தான் எங்கள் சோலார் பேனல்கள். கரண்ட் போனால் பேட்டரியில் எங்களுக்கு ஃபேன் ஓடும், அவர்களுக்கு ஓடாது.

போன மாதம் கிரேஸ் ஒரு லைன் கேட்டாள்.

"வாடகைக்கு இருக்கறவங்களுக்குக் குடுக்க ரூல் ஒத்துக்காதும்மா" என்றேன். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற பயம்தான் உண்மையான காரணம்.

இன்று மதியம் கரண்ட் இல்லை. பேட்டரி பார்க்க எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். கிரேஸ் இறங்கி வந்து அவரிடமே கேட்டுவிட்டாள்.

"அண்ணா, எங்க வூட்டுக்காரரு கால் ஒடஞ்சி, கட்டு போட்டுகினு வேர்வையில படுத்துகினு இருக்காரு. ஒரு ஃபேனுக்காவது ரூல்ல வழி இல்லியா?"

"இதுக்கு என்னம்மா ரூலு? ஒரு வயர் இழுத்தா போதும். பேனல் மாட்டறப்பவே சார்கிட்ட சொன்னனே!"

கிரேஸ் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

உடனே லைன் இழுக்கச் சொன்னேன். மாடிக்குப் போய் நானே ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. படுத்திருந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரொம்ப தேங்க்ஸ்ணா. எங்களுக்காக ரூலைக்கூட பாக்காம செஞ்சிட்டீங்க."

கிரேஸ் அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டு ஓனர்களே, நீங்கள் எதையெல்லாம் ரூல் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள். தனியாக நிற்கக் கூச்சமாக இருக்கிறது.