அம்புக்குறி ஸ்டிக்கர்

என் கத்தரிக்கோலின் பிடியில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கிறது. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ஓட்டையோ கறையோ கண்டால் அந்த இடத்தைக் காட்டி இதை ஒட்டுவார்கள். ஒட்டிய பீஸ் பெட்டிக்குள் போகாது; 'செகண்ட்ஸ்' என்று கழித்துவிடுவார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் வீரபாண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் நான் டெய்லர். ஸ்டிக்கரில் பாதி என் தையலுக்கே தீர்ந்துபோகும். வெட்கத்தை மறைக்க ஒன்றை நெற்றியில் ஒட்டிக்கொண்டு செக்கிங் அக்கா முன் போய் நிற்பேன். அவர் சிரித்தபடியே உரித்தெடுத்து, "பாஸுங்க தம்பி. ஆண்டவர்கிட்ட செகண்ட்ஸ் கிடையாதுங்க" என்பார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். குறை பார்ப்பதெல்லாம் துணியோடு சரி.

ஒரு மழை நாளில் அவருக்குக் குடை கொண்டுவந்த ஒரே மகன், கம்பெனி வேன் ரிவர்ஸ் எடுத்ததில் அடிபட்டு இறந்தான். ஜாமீனில் வந்த டிரைவரை முதலாளி லோடு ஏற்ற வைத்துக்கொண்டார். கேன்டீனில் டிரைவர் சாப்பிடும் பெஞ்சில் நாங்கள் யாரும் உட்காரவில்லை. அக்காவுக்காகத்தான் அப்படி என்று எங்களுக்கு ஒரு பெருமை வேறு.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று மதியம், டிபன் பாக்ஸோடு நேராக அந்தப் பெஞ்சுக்குப் போனார். சாபம் விடப்போகிறார் என்று கேன்டீனே கை நிறுத்திப் பார்த்தது. மூடியில் பாதிச் சோற்றை வைத்து டிரைவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க மொகத்தப் பாக்க இன்னும் முடியலீங்ண்ணா. ஆனாச் சாப்பிடுங்க."

டிரைவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். அக்கா ஒரு வாய்கூட வைக்கவில்லை.

ஏதாவது கோமாளித்தனம் செய்து அவரைச் சிரிக்க வைத்துவிடலாம் என்று, சாயங்காலம் நெற்றியில் ஸ்டிக்கரோடு போய் நின்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். உரித்தார். கீழே போடாமல் தன் சேலையில், நெஞ்சுப் பக்கம் ஒட்டிக்கொண்டார்.

"எல்லாரையும் நேசிப்பேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிப்போட்டேனுங்க தம்பி. சோறு போட முடியுது. இங்க வரமாட்டேங்குதுங்க."

பிறகு அடுத்த பீஸை எடுத்து விரித்தார். தினமும் பாதிச் சோறு அந்தப் பெஞ்சுக்குப் போனது. வேலையை விட்டுப் போகும்வரை, அக்கா டிரைவரை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

அன்று அவர் சேலையிலிருந்து விழுந்த ஸ்டிக்கர்தான் இது. பசை போய்விட்டதால் மேலே டேப் போட்டிருக்கிறேன். இதை உரித்து, நீங்க பாஸுங்கக்கா என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். சிரிக்க வைக்க மட்டும்தான் எனக்கு வாய் இருந்தது.