ஐந்தாவது பிரேக் வயர்

"மனிதகுலம் தன் முகத்தைத் தானே காண, இயந்திரம் இதோ கண் திறந்துவிட்டது!"

இந்தோனேசியாவின் ஜோக்ஜகார்த்தா நகரில், ஒரு கலைக்கூட வாசலில் ஆளுயரப் பலகை இப்படி முழங்கியது. பலகை சொன்னது பொய். கீழே வருவது சத்தியம். சென்ற மழைக்காலத்தில், பட்டப்பகலில் நடந்தது.

ஒரு சாப்பாட்டு மேசை. சுற்றிலும் ரெசினில் வார்த்த ஐந்து பேர். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். ஐவரும் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்திருப்பார்கள். நீங்கள் உங்கள் செல்போனை எடுத்துக் குனிந்தால், தலைகள் நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். நீங்கள் நிமிர்ந்தால் டப்பென்று கவிழும். பக்கத்தில் நிற்பவர்தான் அலறுவார். "செயற்கை நுண்ணறிவு" என்று பத்திரிகைகள் எழுதின.

அந்த நுண்ணறிவு சுவருக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து டெம்பே என்னும் வறுத்த சோயாக்கட்டியைத் தின்றுகொண்டிருந்தது. பெயர் கியார்தோ. தொழில், சைக்கிள் ரிப்பேர். திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் கணினி கைவிரித்துவிட, சிற்பி பாக் ஹர்ஜோனோ (பாக் என்றால் அந்த ஊரில் ஐயா) இவனைப் பிடித்து வந்திருந்தார். தலைக்கு ஒன்றாக, அவன் இழுக்க ஐந்து பிரேக் வயர். எட்டிப் பார்க்கச் சுவரில் ஓர் ஓட்டை.

"சுவர் பேசக் கூடாது. பேசுச்சுன்னா என் மானம் கப்பலேறிடும்."

"தும்மல் வந்தா, பாக்?"

"முழுங்குடா."

அம்மா சிலையின் முகம், அவருடைய மனைவி ரத்மினியின் முகம். இறந்து ஏழு மாதம். கடைசிப் பிற்பகலில் கட்டிலருகே உட்கார்ந்து அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவள் கண்கள் அவர் மேல் திறந்தபடி இருந்தன. உயிர் இல்லை. எவ்வளவு நேரம் தன்னைப் பார்த்தாள் என்று அவருக்குத் தெரியாது.

அதனால் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின், கூடம் காலியானதும், அவள் எதிரே வந்து உட்காருவார். செல்போனை எடுத்துக் குனிவார். பிறகு சுவரோரம் வந்து கிசுகிசுப்பார்.

"பார்த்தாளா?"

"பார்த்தாங்க, பாக்."

உண்மையில் அம்மாவின் தலைக்கான ஐந்தாவது வயர் முதல் நாள் முதல் இழுப்பிலேயே அறுந்துபோயிருந்தது. வந்தவர்கள் யாரும் தலைகளை எண்ணவில்லை. அந்த மனிதரிடம் அதைச் சொல்ல கியார்தோவுக்கு வாய் வரவில்லை.

கடைசி நாள். மறுநாள் சிலைகள் ஜகார்த்தாவுக்குப் போகின்றன. வாங்கிய பெரிய மனிதர்கள் பக்கத்து அறையில் சொற்பொழிவு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மணி 2.15. பாக் வந்து உட்கார்ந்தார். குனிந்தார்.

2.21. கியார்தோவின் இரண்டு கைகளும் ஒரு தேநீர்க் குவளையைப் பிடித்திருந்தன. வயர்கள் தொங்கின.

க்ர்ர்ர்...

ஓட்டையில் கண் வைத்தான்.

அம்மாவின் தலை நிமிர்ந்துகொண்டிருந்தது. வயர் இழுத்தால் வெடுக்கென்று வரும். இது மெல்ல... தூக்கம் கலைந்தவள் போல.

அவரைப் பார்த்தாள்.

அவர் செல்போனைப் பார்த்தார்.

சூடான தேநீர் தொடையில் கொட்டியது. கியார்தோ கத்தவில்லை. பக்கத்து அறையில் ஆட்கள். சுவர் பேசக் கூடாது.

குவளையை வைத்துவிட்டுச் செய்தி அனுப்பினான். "பாக், நிமிருங்க."

"அம்மா பாக்குறாங்க."

2.23. "நான் இழுக்கலை, பாக். சத்தியமா."

அவர் விரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

2.24. "நிமிருங்க..."

அவள் காத்திருந்தாள்.

2.25. "பாக்..."

2.26.

க்ர்ர்ர்...

கவிழ்ந்துவிட்டாள்.

2.27. பாக் நிமிர்ந்தார். சுவரோரம் வந்தார்.

"பார்த்தாளா?"

"பார்த்தாங்க, பாக்."

முதல்முறையாக உண்மை சொன்னான். குரல் உடைந்தது. அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை, பெட்டியில் அடுக்கத் தலைகளைக் கழற்றினார்கள். நான்கு திருகியதும் வந்தன. அம்மாவுடையது அசையவில்லை. ரம்பம் வைத்தார்கள். உள்ளே, கழுத்து மூட்டு முழுக்க ரெசின் வழிந்து இறுகியிருந்தது. வார்த்த நாளிலிருந்தே. யார் இழுத்தாலும் நிமிர முடியாத கழுத்து.

கியார்தோ தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். அறுந்த வயரை, பொய்களை, நேற்றைய ஐந்து நிமிடத்தை.

பாக் அவன் எதிரே வந்து குந்தினார்.

"ஏன்டா... என்கிட்ட சொல்லலை?"

"அஞ்சு செய்தி அனுப்பினேனே, பாக்."

அவர் செல்போனை எடுத்துத் தேடினார். ஐந்தும் இருந்தன. எதுவும் திறக்கப்படவில்லை. கியார்தோ தினமும் விடியற்காலையில் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிறான் என்பதால், ஒரு மாதத்துக்கு முன்பே அவனுடைய எண்ணிலிருந்து சத்தமோ திரையில் அறிவிப்போ வராதபடி அவர் அடைத்து வைத்திருந்தார்.