பெட்டி வைத்த பைக்

“யம்மா, பைக்கை மாத்துனா பைக்கை மட்டும் பாரு. என் மூஞ்சியை ஏன் பாக்குற?”

இது என் மகள் நிவேதா, நடுக்கூடத்தில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். குடும்பத்தலைவி வேலை என்றால் சமையல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பாதி வேலை, வீட்டில் எவர் எதை மறைக்கிறார் என்று மோப்பம் பிடிப்பதுதான். பெண்ணைப் பெற்ற சக ஊழியர்களே, உங்களுக்குத் தெரியாததா?

போடியிலிருந்து மெட்டு மலைப்பாதையில் ஏறி, பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்ட ஆபீசுக்கு அவள் தினமும் போய் வருகிறாள். பட்டினி கிடந்து வாங்கிய ரேஸ் பைக்கைத் திடீரென்று தள்ளிவிட்டு, ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் வாங்கும் டூரிங் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன அர்த்தம்? இவள் வீட்டை விட்டுக் கிளம்பப் பார்க்கிறாள். எனக்கு அன்றே பட்டுவிட்டது.

முதுகு வலி

டேங்க் மேல் கவிழ்ந்து படுத்தபடி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கினால் முதுகும் மணிக்கட்டும் போய்விடுகிறதாம். அது அவளுடைய வாக்குமூலம். நான் நேரே மெக்கானிக்கிடம் போனேன். வாஸ்தவம்தான், இதில் நிமிர்ந்து உட்காரலாம், குழியில் விழுந்தாலும் அலுங்காது என்றார். “ஆபீஸ் போக இது போதும்ல தம்பி?” என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “ஆபீசுக்கா? இதுல காஷ்மீருக்கே போகலாம்க்கா!”

ஏற்றமும் இறக்கமும்

புது பைக்கின் இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட பெட்டி. ஒரு டிபன் டப்பாவுக்கும் மழைக்கோட்டுக்கும் அவ்வளவு பெரிய பெட்டி எதற்கு? காலையில் வாசல் சரிவில் இறங்கும்போது வண்டி பாரத்தில் அமுங்குகிறது. சாயங்காலம் வெறும் பெட்டி கடகடக்கிறது. மேலேயிருந்து கீழே ஏலக்காய் லோடு வரும் ஊரில், இவள் மட்டும் கீழேயிருந்து மேலே லோடு அடிக்கிறாள்.

வீட்டைச் சோதித்தேன். சின்னக் குக்கரைக் காணோம். கம்பளியைக் காணோம். என் அயர்ன் பாக்ஸ்! அவள் அப்பாவிடம் சொன்னால், பேப்பரை விலக்காமலே பதில் வருகிறது: “குக்கர் போனாப் போகுது, ஒரு விசில் சத்தம் குறையும்ல.”

பின் சீட்டு

ரேஸ் பைக்கின் பின் சீட்டு காக்காய் உட்காரும் இடம். பிரேக் பிடித்தால் ஓட்டுகிறவள் முதுகில் போய் விழ வேண்டும். இதிலோ அகலமான சீட்டு, சாய்ந்துகொள்ளத் திண்டு வேறு. யாருக்காம்? மலைக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் ஒருவரைப் பஸ் ஸ்டாண்டில் மடக்கினேன். “எம் மக பின்னால யாரையாச்சும் ஏத்திட்டுப் போறாளா அண்ணே? மறைக்காமச் சொல்லுங்க.”

தயங்கினார். “ஒரு நாள் பாத்தேன் ஆத்தா. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்துச்சு. மெத்தை.”

மேலே

ஞாயிற்றுக்கிழமை நானே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். “எடுடி வண்டியை. மெத்தை போன எடத்துக்கு நானும் வர்றேன்.” சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன், வண்டியை எடுத்துவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, திண்டு சுகமாகத்தான் இருந்தது.

மெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டத்தை ஒட்டி ஓடு போட்ட ஓர் அறை. உள்ளே மெத்தை, கம்பளி, குக்கர், என் அயர்ன் பாக்ஸ். கான்வென்ட் ஹாஸ்டலில் சிஸ்டர் சோதனை போடுவதுபோல் போட்டேன். கதவுக்குப் பின்னால் ஆம்பளைச் சட்டை இல்லை. டம்ளர் ஒன்றே ஒன்று. கட்டிலுக்கடியில் அவள் செருப்பு மட்டும். ஒன்றுமே சிக்காதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

“யாருக்காகடி இந்த ரூமு?”

“எனக்காகத்தான். அடுத்த மாசத்துலேர்ந்து இங்கதான் இருக்கப் போறேன். சனிக்கிழமை சனிக்கிழமை வர்றேன்.” கம்பளியை மடித்து வைத்தாள். “இங்க என் பையை யாரும் தொறக்க மாட்டாங்கம்மா.”

துப்புத் துலக்கும் வேலையில் இருக்கிற ஒரே கஷ்டம், சில சமயம் கண்டுபிடித்துவிடுகிறோம் என்பதுதான்.

வெளியே வந்து பூட்டினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

“இன்னொரு சாவி இருக்கும்ல? அதை எங்கிட்டக் குடுத்து வையேன்டி” என்றேன்.

அவள் அறைச் சாவியைத் தன் பையில் போட்டு மூடினாள். வண்டியைக் கிளப்பி, நான் ஏறுவதற்காகக் காலை ஊன்றி நின்றாள்.