நிருபர் எழுதி வைத்த ஊர்ப்பெயர்கள்

"கடதாசி எல்லாத்தையும் சேர்த்து வைக்கிறவன்..." என்று தொடங்கி என் பெரியப்பா ஏதோ சொல்லுவார், மிச்சம் மறந்துபோச்சு. அப்படிச் சேர்த்து வைப்பதுதான் இப்போது என் தொழில். சில வருடம் கொழும்பில் இருந்துவிட்டு கனடாவுக்கு, ரொறன்ரோவுக்குத் திரும்பிய எனக்கு, தமிழும் ஆங்கிலமும் வாசிப்பேன் என்பதற்காக ஸ்காபரோவில் ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில் வேலை கொடுத்தார்கள். செத்தவர் வீட்டு அலுமாரியை ஒருமுறையாவது ஒதுக்கித் துப்புரவாக்கியிருந்தால் உங்களுக்கு என் பாடு விளங்கும்.

பத்தொன்பது பெட்டி

பெட்டிகளுக்குச் சொந்தக்காரர், ஐரோப்பாவில் நடந்த ஒரு போர்க்குற்ற வழக்கை அங்கேயே தங்கியிருந்து தமிழ் வார இதழ் ஒன்றுக்கு எழுதிய நிருபர். காலமானபின் அவருடைய மனைவி ஸ்காபரோவிலேயே இருக்கிற வெக்ஸ்போர்ட்டிலிருந்து பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். குறிப்புப் புத்தகங்கள், ஒலிநாடாக்கள், அனுமதி அட்டைகள். ஒரு பெட்டி நிறைய நீதிமன்றச் சிற்றுண்டிச்சாலையின் சீனிப் பைக்கற். இந்த வரலாற்றைப் பொறுப்பேற்பதில் காப்பகம் பெருமைப்படுகிறது என்று, தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அன்ரி சொன்னார்: "எல்லாத்தையும் வைச்சிருங்கோ தம்பி. பெட்டியளை மட்டும் திருப்பித் தாங்கோ, வின்ரர் சப்பாத்து வைக்க வேணும்."

தகப்பன் பெயர்

யாரைச் சந்தித்தாலும் பெயர், ஊர், தகப்பன் பெயர் மூன்றையும் நிருபர் குறித்திருந்தார். வாசலில் பை சோதிக்கிற வெள்ளைக்காரருக்கும் அப்படியே. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் தகப்பன் பெயருக்கு நேரே "சொல்ல மறுத்தார்" என்றிருந்தது. என்னோடு வேலை செய்யும் சிந்து இங்கே பிறந்தவள். ஸ்கான் செய்தபடியே சொன்னாள்: "அண்ணா, ஹீ இஸ் லைக் மை அம்மா. பஸ்சுக்கு நிண்டாலும் இதைத்தான் கேப்பா."

திரைக்குப் பின்னால் இருந்தவர்

எல்லாவற்றையும் இணையத்தில் போடப்போவதாகத் தமிழ் வானொலியில் அறிவித்தோம். அடுத்த நாள் ஒஷாவாவிலிருந்து ஒரு பெண் வந்தார். அந்த வழக்கில் திரைக்குப் பின்னால் இருந்து, பெயருக்குப் பதில் ஒரு எண்ணோடு சாட்சி சொன்னவர் தான்தான் என்றார். அவருடைய தம்பி இன்னும் ஊரில். சொன்னது யாரென்று தெரிந்தால் தம்பி வீட்டுக்கு ஆள் வரும். நிருபர் இதழில் ஒருநாளும் அவர் பெயரைப் போட்டதில்லை. ஆனால் குறிப்புப் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில், எண்ணுக்கு நேரே மூன்று விபரமும் அழகான கையெழுத்தில் இருந்தன. அந்தப் பெண் நிருபரைக் குறை சொல்லவில்லை. "நல்ல மனுசன் அண்ணை. தேத்தண்ணி வாங்கித் தந்திட்டு எந்த ஊர் எண்டு கேட்டார். கன காலத்துக்குப் பிறகு ஒருத்தர் கேக்கிறார் எண்டு நானும் சொல்லிப்போட்டன்."

முப்பது வருடம்

பட்டியலில் ஏறிய ஆவணத்திலிருந்து ஒரு தாளையும் அகற்றக்கூடாது. அகற்றினால் வேலை போகும். அந்தப் புத்தகத்தை இணையத்தில் போடாமல் முப்பது வருடம் பூட்டி வைக்கலாம் என்று மேலாளர் சொன்னதை அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். சாவி எத்தனை பேரிடம் என்று கேட்டார். நாலு பேர் என்றேன். விரல் மடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசத்தில தம்பிக்கு எழுபத்திரண்டு. அப்பவும் அவன் அங்கைதான் இருப்பான்."

ஸ்கானை அழித்து, நாற்பத்தோராம் பக்கத்தை வெட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு, பட்டியலில் அந்த இடத்துக்கு நேரே "வெட்டியது நான்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.