ஐந்து பேருக்கு ஒரே சீட்டு

கோபம் எனக்குப் பிறவிக் குணம். அந்தக் கோபத்தில்தான், செமிலிங் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில், நான்கு பேர் கேட்க அந்த வார்த்தையை விட்டேன்.

"ஆறு மணிக்குள்ள உங்க எல்லாரையும் அந்தக் கோயில் வாசல்ல நிறுத்தலன்னா, இனிமே நான் உறுமிக் குச்சியத் தொட மாட்டேன்."

அந்த நான்கு பேரும் எங்கள் உறுமி மேளக் குழுவினர். தலைவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், முன்வரிசையில் உறுமி அடிப்பவர். நான் பதினாறு வருடமாக அவருக்குப் பின்னால் நின்று உறுமி அடிக்கிறேன். மற்ற மூவரும் தப்பு மேளம் அடிக்கும் தப்புக்காரர்கள். கோயில் திருவிழாவுக்கு நாங்கள் பதினைந்து பேராவது போவோம். ஆனால் இந்த முறை கூப்பிட்டது ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்து அம்மன் கோயில். இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில் அது. ஐந்து பேருக்கு மட்டும் விமானச் சீட்டு அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு இறங்குகிறோம். அன்று மாலை ஆறு மணிக்கு அம்மன் வீதி உலா. எங்கள் மேளம் முன்னே போக வேண்டும். விமான நிலையத்திலிருந்து அந்த ஊருக்கு ரயிலில் வந்துசேர்வது எங்கள் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. குருணில் ஒரு தொழிற்சாலையில் துறைமுகத்துக்கு லாரி அனுப்பும் வேலை எனக்கு. எந்த லாரி எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்கு வரும் என்று பொய் சொல்லும், இரண்டும் எனக்குத் தெரியும். லாரிக்காரர் சொல்லும் நேரத்தை நான் எழுதுவதே இல்லை. அவர் வழியில் எங்கே பசியாறுவார், யாரிடம் நின்று பேசுவார் என்று பார்த்து, அதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்.

இரண்டு வாரம் கைப்பேசியைக் குடைந்தேன். ஜெர்மன்காரர்களின் ரயில் சீட்டு முதலில் தலையைச் சுற்ற வைத்தது. பிறகு நம் ஊரை வைத்துப் பார்த்ததும் பிடிபட்டது. இருக்கை எண் போட்டு வாங்கும் விரைவு ரயில் நம்மிடமும் உண்டு. அதை விட்டால் விட்டதுதான். குருண் ஸ்டேஷனில் நிற்கும் கொமுட்டர் மெது ரயிலோ அப்படியில்லை. இது போனால் அடுத்தது. அங்கேயும் அதே கதை. ஒன்று, மலிவான விரைவுச் சீட்டு, குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். இன்னொன்று, எந்த ரயிலிலும் ஏறலாம், ஆனால் விலையைப் பார்த்தால் ஏறவே தோன்றாது. மூன்றாவது, ஐந்து பேர் சேர்ந்து நாள் முழுக்க அந்த மாநிலத்து மெது ரயில்கள் எல்லாவற்றிலும் போகும் ஒரே சீட்டு. எங்கள் ஐந்து பேருக்காகவே யாரோ அச்சடித்தது போல இருந்தது.

கோயில் வாசலில் அதைச் சொன்னதும் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"ஜெர்மனி வரைக்கும் போயிட்டு கொமுட்டர்லயா போவாங்க? ரெண்டு மணி அஞ்சு நிமிசத்துக்கு ஒரு எக்ஸ்பிரஸ் இருக்குல்ல? ஒரு மணி நேரத்துல கொண்டு போய் விட்டுடுமாம்."

"எறங்குறதே பன்னெண்டரைக்கு. பெட்டி வரணும், மேளம் வரணும். அத விட்டா டிக்கெட்டு குப்பதான் அண்ணே."

"நீ எப்பயும் லேட்டாவும்னே நெனப்ப மா. லாரிக்காரங்களோட பழகி அப்படி ஆயிட்ட லா."

மற்ற மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. குச்சியைத் தொட மாட்டேன் என்று வாயைவிட்டேன். அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, ஒன் இஷ்டம்" என்றார். வீட்டுக்கு வந்து சீட்டை வாங்கினேன். உறுமி இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

விமானம் சொன்ன நேரத்துக்கே இறங்கியது. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பெட்டிகள் வந்தன. மேளங்கள் மட்டும் தனி வாசல் வழியாக ஒன்றரை மணிக்கு வந்தன. அப்போதும் அந்த விரைவு ரயிலைப் பிடித்திருக்கலாம். அண்ணன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

வெளிவாசல் தாண்டியதும் அண்ணன் நின்றார். பையைத் திறந்து ஒரு தேங்காயை எடுத்தார்.

எங்கள் குழு எந்த ஊர் எல்லைக்குள் மேளத்தோடு போனாலும் முதலில் அந்த ஊர்ச் சாமிக்கு ஒரு தேங்காய் உடைப்பது வழக்கம். பக்கத்துத் தஞ்சோங் டாவாய்க்குப் போனாலும் உண்டு, தாய்லாந்து எல்லை தாண்டினாலும் உண்டு. சூடம் விமானத்தில் ஏற்றக் கூடாது என்று அவர் பையிலிருந்து நான்தான் எடுத்து வைத்தேன். தேங்காய்க்குத் தடையில்லை என்று பார்த்துச் சொன்னதும் நான்தான்.

"அண்ணே, இங்க வேணாம். ஸ்டேஷன் தாண்டி எங்கயாச்சும் ஒடைப்போம்."

"எல்லையில ஒடைக்காம, உள்ள போயா ஒடைப்பாங்க?"

அவர் ஓங்கி அடித்தார். கான்கிரீட் தூணுக்கும் சுவருக்கும் நடுவே அந்தச் சத்தம் வெடி வெடித்தது மாதிரி கேட்டது. ஒரு பெண் கையிலிருந்த காப்பியைக் கொட்டிவிட்டாள். அரை நிமிடத்தில் துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். எங்களைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். கடப்பிதழை வாங்கி அதிலிருந்த படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேள உறைகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார்கள். தப்புக்காரர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் உடைந்த தேங்காயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பயணம் நல்லபடி நடக்க உடைத்தது என்று விளக்கினேன். அந்தப் போலீஸ்காரம்மா, "பயணம்தான் முடிந்துவிட்டதே, வந்து இறங்கிவிட்டீர்களே" என்றாள். பாதிதான் முடிந்திருக்கிறது, மீதி ரயிலில் என்றேன். அவள் யாரிடமோ நெடுநேரம் தொலைபேசியில் பேசினாள். பிறகு, ஒரு சில்லுகூடத் தரையில் இருக்கக் கூடாது என்றாள். ஐந்து பேரும் குனிந்து தேங்காய் பொறுக்கினோம். மரியாதைக்கு ஒரு துண்டை அவளிடம் நீட்டினேன். வேண்டாம் என்றாள், ஆனால் சிரித்துவிட்டாள். விட்டபோது மணி இரண்டரை.

ரயில் நிலையத்துக்குள் நுழைந்ததும் அண்ணன் அறிவிப்புப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"எக்ஸ்பிரஸ் போயிருச்சா?"

"அது போயி அரை மணி நேரம் ஆச்சு. நாம அதுக்கு டிக்கெட்டு எடுக்கவே இல்லயே அண்ணே. நம்ம டிக்கெட்டு அடுத்ததுக்கும் செல்லும், அதுக்கடுத்ததுக்கும் செல்லும்."

"நான் ஒடைப்பேன்னு தெரியுமா ஒனக்கு?"

"பதினாறு வருசமா பாக்குறேன். ஒங்க தேங்காய்க்குன்னு ஒரு மணி நேரம் சேத்துத்தான் போட்டேன்."

அண்ணன் என் உறுமியையும் சேர்த்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். எனக்குள் எழுந்த சந்தோஷத்தை மறைக்க நான் சிரமப்படவே இல்லை. பல் தெரியச் சிரித்தேன்.

மெது ரயிலில் சைக்கிள் வைப்பதற்கென்றே அகலமான இடம் இருந்தது. மேளங்களை அங்கே சாய்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். பரிசோதகர் வந்தபோது என் கைப்பேசியைக் காட்டினேன். ஐந்து பேரையும் எண்ணித் தலையாட்டிவிட்டுப் போனார். வழியில் ஒரு முறை ரயில் மாற வேண்டும். அங்கே இறக்கி ஏற்றுவதற்குள் அடுத்த ரயில் கதவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டது. தப்புக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"முப்பது நிமிசத்துல இன்னொன்னு. அதுக்கும் இதே டிக்கெட்டுதான்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் மிதப்பாகத்தான் சொன்னேன், மறுக்கவில்லை.

அந்த முப்பது நிமிடம்தான் எங்களைக் காப்பாற்றியது. எங்கள் மேளங்களுக்கு அண்ணன் பிளாஸ்டிக் போட விட்டதில்லை, எல்லாம் ஆட்டுத்தோல். விமானக் குளிரில் தோல் தொய்ந்து கிடந்தது. காய்ச்சாமல் அடித்தால் தகரத்தைத் தட்டியது போல இருக்கும். ஊரில் என்றால் ஓலையைக் கொளுத்திக் காட்டுவோம். இங்கே நெருப்பு மூட்டினால் அந்தப் போலீஸ்காரம்மா இந்த முறை சிரிக்க மாட்டாள். பிளாட்பாரத்தில் நல்ல வெயில் அடித்தது. எல்லா மேளங்களையும் சூரியனைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். அண்ணன் ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்தார். இருபது நிமிடத்தில் சத்தம் ஏறியது.

"விரைவு ரயில்ல போயிருந்தா இந்த வெயிலு கெடைச்சிருக்காது" என்றார், யாரிடமோ சொல்வது போல.

ஐந்து இருபத்தைந்துக்கு ஊர் வந்தது. எங்களை அழைத்த கோயிலைச் சேர்ந்த இலங்கைத் தமிழ் அக்கா ஒருவர் வேனோடு நின்றிருந்தார்.

"வந்திட்டியளோ பிள்ளை? இவ்வளவு நேரமும் நான் ரோட்டையே பாத்துக்கொண்டு நிண்டனான்."

"வந்துட்டோம் அக்கா. ஆறு மணிக்குத்தானே?"

"ஓம், அம்மன் காத்துக்கொண்டிருக்கிறா."

கோயில் வாசலில் நாங்கள் வரிசையில் நின்றபோது ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நூற்றுக்கணக்கான பேர். பட்டுச்சேலை, அதன்மேல் குளிர்ச் சட்டை. பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர்கள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல அண்ணனுக்குப் பின்னால் இடம் பிடித்தேன். திரை விலகியது. அம்மன் அலங்காரத்தோடு தோள்களில் ஏறினாள். முதல் அடி எப்போதும் அண்ணனுடையது. எல்லோரும் அவர் கையைப் பார்த்தோம்.

அவர் அடிக்கவில்லை. முன்வரிசையை விட்டு இரண்டு அடி பின்னால் வந்து, என் பக்கத்தில் நின்றார். அவர் நின்றிருந்த இடம் காலியாக இருந்தது.

"முன்ன போ மா" என்றார். "நீதான கொண்டு வந்து சேத்த. ஆரம்பி."

முன்னே போனேன். வளைந்த குச்சியைத் தோலில் இழுத்தேன், உறுமி உறுமியது. அம்மனைத் தூக்கியவர்களின் கால்கள் என் அடிக்கு நகர ஆரம்பித்தன. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை இல்லை. அழுதுகொண்டேதான் அடித்தேன். தாளம் ஓர் இடத்திலும் தப்பவில்லை.